வளைந்த மலையின் வடக்கு

கதவு சாத்தியாகிவிட்டது, இனி எதுவும் உள்ளே வராது, ஃபோன் வராது, பாஸ்கலின் குரல் வராது, பூமியின் காந்தம்கூட வராது, அதற்காகத்தானே இந்த அறை, சுவருக்குள் சுவராகத் தகடு பதித்து, வடக்கு எது தெற்கு எது என்று கல்லுக்குத் தெரியாமல் செய்து வைத்திருக்கிற அறை, இதற்குள் வந்துவிட்டால் கல்லுக்கு அதன் பழைய ஞாபகம் மட்டும்தான் மிச்சம். தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி வெளியே மரப்பெட்டியில் போட்டேன், கொண்டை ஊசி, வாட்ச், கடைசியாக ஃபோன். ஃபோனைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் அவசரப்பட்டது, தமயந்தி அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். “இடுப்புல பாத்தியாடி? போன தடவை உன் பாவாடை ஊக்கால ரெண்டு நாள் வட துருவம் உன் இடுப்புலதான் இருந்துச்சு” என்றாள். நானும் சிரித்தேன். அவளும் நானும் ஒரே வருஷம் இங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள், மதுரைக்காரி, எதையும் சிரிப்பில் ஆரம்பித்துத்தான் கேட்பாள். “விளையாட்டுக்குச் சொல்லல பெனிட்டா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. இந்த ட்ரேயை நான் சுட்டு எடுக்க மாட்டேனா? நூறு கோடி வருஷமா சும்மா கெடந்த கல்லு, இன்னிக்கு ஓடியா போயிரும்?” என்றாள். “உலை எனக்கு இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு” என்றேன். “உலை எங்க போவுது, நாளைக்கும் இங்கதான் இருக்கும்.” “அவர் கூடப் போயிருக்கார்ல.” “புள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கறப்ப அப்பன் மட்டும் போதுமாக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள், கனத்த கதவு, சாத்தும்போது காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஆகும். காலையில் பாஸ்கல் ஏன் என்று கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. மாற்றுத் துணி, பால் புட்டி, மஞ்சள் தொப்பி எல்லாம் பைக்குள் வைத்துவிட்டு, “நீ வரலயா?” என்றார். “உலை...” என்றேன். “சரி பிள்ள, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். எஸ்தர் என் நைட்டிக் கழுத்தைப் பிடித்திருந்தாள், ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன், ஏழு மாதப் பிள்ளையின் விரலில் அவ்வளவு பலம். இந்நேரம் ஆஸ்பத்திரிக்குள் போயிருப்பார்கள். இந்நேரம் சட்டையைக் கழற்றியிருப்பார்கள். இந்நேரம் அந்தக் குளிர்ந்த பலகை.

உலை ஆறிக்கொண்டிருக்கிறது. உள்ளே என் மலையின் தெற்குக் கரத்துக் கற்கள், விரல் பருமனுக்கு வெட்டிய செங்கல் நிற உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் நான் வரைந்த அம்புக்குறி. கடப்பைக்கு அப்பால் அந்த மலைத்தொடர் வளைந்து கிடக்கிறது, வானத்திலிருந்து எடுத்த படத்தை முதலில் பார்த்தபோது வில் என்று நினைத்தேன், என் ஆய்வறிக்கையில்கூட வில் என்றுதான் எழுதினேன், இப்போது அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற யாரோ ஒருத்தியின் முதுகு அது. அந்த முதுகிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நீ வளைந்தே பிறந்தாயா, பிறந்த பிறகு வளைந்தாயா? மணலாக இருந்த காலத்தில் அதற்குள் கிடந்த இரும்புத் துணுக்குகள் அன்றைய வடக்கைப் பார்த்துத் திரும்பிப் படுத்தன, மேலே மேலே மணல் விழுந்து இறுகிக் கல்லாயிற்று, பிறகு அவற்றால் புரள முடியாது. மலை நேராகப் பிறந்து பின்னால் வளைந்திருந்தால் அந்த வடக்கும் மலையோடு சேர்ந்து திரும்பியிருக்கும், வடக்குக் கரத்தில் ஒரு பக்கம், நடு வளைவில் ஒரு பக்கம், தெற்குக் கரத்தில் வேறு பக்கம், விசிறி விரித்த மாதிரி. வளைந்தே பிறந்திருந்தால் எல்லாக் கல்லும் ஒரே திசையைப் பார்க்கும். அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். கல்லில் பிற்பாடு ஒட்டிய ஞாபகங்களும் உண்டு, எங்கோ விழுந்த மின்னல், பக்கத்தில் புகுந்த எரிமலைக் குழம்பு, அவை எல்லாம் குறைந்த சூட்டிலேயே கழன்றுவிடும், அதனால்தான் படிப்படியாகச் சுடுகிறோம், சுட்டு, ஆற வைத்து, அளந்து, மறுபடி கொஞ்சம் கூடுதலாகச் சுட்டு. கடைசிச் சூட்டிலும் போகாமல் நிற்பது எதுவோ அதுதான் பிறவி. வடக்குக் கரம் முடிந்தது, நடு வளைவும் முடிந்தது, இரண்டும் கொஞ்சம் விலகித்தான் நிற்கின்றன, ஆனால் கொஞ்சம்தான், தெற்கு சொன்னால்தான் உறுதி. தெற்கு சொல்லட்டும் என்று நான் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறேன், யாரிடமும் சொல்ல முடியாத பந்தயம், வெட்கக்கேடு, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் செய்கிற காரியமா, ஆனால் கான்வென்டில் பரீட்சைக்குப் போகும் முன் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஜெபம் முடிகிறவரை அணையாமல் நின்றால் பாஸ் என்று பந்தயம் கட்டிய அதே பெனிட்டாதானே இது. எல்லாக் கல்லும் ஒரே பக்கம் பார்த்தால் எஸ்தரின் முதுகுக்கும் அது பிறவி. விசிறியாக விரிந்தால் பிறகு வந்தது. பிறகு வந்தது என்றால் கை. யாருடைய கை.

போன மாதம் ஒரு நாள் கால்களை நீட்டிப் பலகையில் உட்கார்ந்து, எஸ்தரைக் காலின் மேல் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் விட்டேன். உச்சியிலிருந்து விட்ட எண்ணெய் முதுகுப் பள்ளத்தில் இறங்கும், இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், மெதுவாக, தேன் மாதிரி. நடு முதுகில் அது இடப்பக்கம் விலகிற்று. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். மறுபடி அங்கேயே விலகிற்று. காலைச் சரியாக நீட்டவில்லை என்று நீட்டி உட்கார்ந்தேன். பலகை சாய்ந்திருக்கும் என்று எழுந்து பலகையைத் திருப்பிப் போட்டேன். எஸ்தர் என் முழங்காலைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் முறை எண்ணெய் விடவில்லை, விட எனக்குத் தைரியம் இல்லை. அப்போதிலிருந்து மனசு ஒரே வழியில் சுற்றுகிறது, செக்கு மாடு மாதிரி. பிள்ளை பிறந்து நாற்பது நாள் வந்து குளிப்பாட்டிய அந்த ஆயா கையையும் காலையும் மாற்றிப் பிடித்து நீவுவாள், ஒரு தடவை ‘டக்’ என்று சத்தம் கேட்டது, “சுளுக்கு எடுத்திருக்கு தாயி” என்றாள், சும்மா இருந்தேன். இல்லை, அது இல்லை, பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்த அந்தச் சாயங்காலம், மடியிலிருந்து பாய்க்கு ஒரு சாண் உயரம்கூட இருக்காது, நழுவினாளா, நழுவுகிற மாதிரி கனவு கண்டு விழித்தேனா, விழித்தபோது அவள் பாயில் கிடந்தாள், அழவில்லை, நானே கிடத்தியிருப்பேன், கிடத்திய ஞாபகம் இல்லை. சரி, பிறவி என்றே வைத்துக்கொள்வோம், பிறவி என்றால் தப்பிவிட்டேனா? இந்தத் தெற்குக் கரத்துக் கற்களை நான்தான் துளைத்தேன், துளைப்பானின் பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து நாள் முழுக்க, உடம்பே தந்தி அடிக்கிற மாதிரி நடுங்கும், ராத்திரி படுத்தாலும் பல்லுக்குள் அந்த நடுக்கம் இருக்கும். அப்போது எஸ்தர் எனக்குள் வந்து ஆறு வாரம். எனக்கே தெரியாது. அந்த வாரங்களில்தான் முதுகெலும்பு ஒவ்வொரு மணியாகக் கோக்கப்படுகிறது என்று பின்னால் படித்தேன், படித்திருக்க வேண்டாம். ஆக, கற்கள் ஒரே பக்கம் பார்த்தாலும் நான், விரிந்தாலும் நான். இப்படி ஒரு பந்தயத்தை யாராவது கட்டுவார்களா? மார்பு கனக்கிறது, பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, அவள் அழுதுகொண்டிருப்பாள், அவள் அழுதால் எனக்கு ஊறிவிடும், சுவருக்குள் எத்தனை தகடு பதித்தாலும் இது மட்டும் உள்ளே வந்துவிடுகிறது. அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். தூத்துக்குடியில் ஃபேன் சத்தம். பிறகு அம்மா, “யார்ட்டயும் காட்டிக்கிடாத. வெளக்கெண்ண போட்டு நீவு. பிறவின்னு சொல்லிரு” என்றாள். “எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்கம்மா.” “படம்லாம் எதுக்குட்டி? பச்சப் பிள்ளைய மிஷின்ல போட்டு... கேக்கவே பாவமா இருக்கு. பிறவின்னு சொல்லிரு, அவ்ளோதான்.” பிறவி, பிறவி. அதே குரலில் அம்மா இந்த வார்த்தையைச் சொல்லி நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் அது ஜெசிந்தா அக்காவைப் பற்றி.

வராதே அக்கா. இன்றைக்கு மட்டும் வராதே. வந்துவிட்டாள், இந்த அறைக்கு அவளும் ஊக்கைக் கழற்றிவிட்டு வந்தவள் மாதிரி சத்தமில்லாமல். எனக்கு ஐந்து வயசு மூத்தவள், முதுகு வலப்பக்கம் ஒரு மேடாக எழும்பி, ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. கான்வென்டில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒவ்வொரு வருஷமும் அவள்தான் சம்மனசு, அந்தத் தேவதூதரை விட்டால் வேறு வேஷமே கிடையாது, வெள்ளை அட்டையில் பஞ்சு ஒட்டிய இரண்டு சிறகு, அதை மாட்டிவிட்டால் முதுகு தெரியாது. சிஸ்டர் அதை அன்பாகத்தான் செய்தார்கள். கைதட்டுவார்கள். நாடகம் முடிந்த பிறகும் சிறகைக் கழற்றாமல் வீட்டுக்கு நடந்து வருவாள், ரோட்டில் பையன்கள் “ஏ, கொக்கு போகுதுல” என்று கத்துவார்கள், “கொக்குன்னா மீன் பிடிக்கும்ல, ஒன்னையும் கொத்திட்டுப் போயிரும்ல” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள், சிறகுக்குள் இருக்கும்போது மட்டும் அவளுக்கு வாய் வரும். அசெம்பிளியில் சிஸ்டர் மரஸ்கேலை எங்கள் முதுகில் வைத்துப் பார்ப்பார்கள், நிமிர்ந்து நில், நிமிர்ந்து நில், அக்காவிடம் வரும்போது ஸ்கேலை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் அவளைப் பற்றி இரண்டு கதை. அம்மா சொன்னது பிறவி. பக்கத்து வீட்டில் சுவரோரமாகப் பேசிக்கொண்டது, அம்மா கிணற்றடியில் வழுக்கியபோது பிள்ளை கை நழுவிவிட்டது. எது நிஜம் என்று யாரும் அளந்ததில்லை. பத்தொன்பது வயசில் ஒரு மழை மாசத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, வாங்கி, விட முடியாமல், நுரையீரலுக்கு உள்ளே இடமே இல்லை என்று அப்போதுதான் ஒரு டாக்டர் சொன்னார். சவப்பெட்டியில் அவளை மல்லாக்கப் படுக்க வைக்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அம்மா ஒரு தலையணையை எடுத்து வந்து முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள், விழுந்துவிடுவாள் என்கிற மாதிரி.

உலையின் விளக்கு மாறிற்று. போதும். கை வேலை செய்யட்டும். மரக் கவ்வியால் முதல் உருளையை எடுத்துக் கைக்கு மாற்றுகிறேன், விரலுக்கு இதமான வெதுவெதுப்பு, காந்தமானியின் குழிக்குள் வைக்கிறேன், மூடுகிறேன், எண் வருகிறது. இரண்டாவது, மூன்றாவது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, போன சூட்டில் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இன்னும் கொஞ்சம் உள்ளே, ஆதி என்று நாங்கள் சொல்கிற மையப் புள்ளியை நோக்கி ஒரு கோடு மாதிரி. தெற்குக் கரம் திரும்பித்தான் நிற்கிறது. நடு வளைவிலிருந்து விலகி, வடக்குக் கரத்திலிருந்து இன்னும் விலகி. விசிறி. பிறகு வளைந்தது. கை. இரு, இன்னும் ஒன்று இருக்கிறது, ஒன்றை வைத்து என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் வை. வைத்தேன். எண் வந்தது. புள்ளி திரையின் மறுகோடியில் போய் விழுந்தது. வடக்கு இருந்த இடத்தில் தெற்கு. மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது, முழு மலையும் ஒரே மூச்சில் புரண்டு என்னைப் பார்த்த மாதிரி, அந்த முதுகு திரும்பி அதற்கு முகம் இருக்கிற மாதிரி, மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன், அந்த அறையில் சொன்னது அந்த அறையிலேயே செத்தது. மூடியைத் திறந்தேன். கல்லின் அம்புக்குறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டேன், புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற பிழை, நாங்கள் எல்லாரும் அவர்களைக் கேலி செய்கிற பிழை. உருளையைச் சரியாக வைத்து மறுபடி அளந்தேன். புள்ளி தன் கோட்டுக்கே வந்து உட்கார்ந்தது.

கை செய்தால் இப்படித்தான் இருக்கும். ஒரே தாவல். போன சூடுவரை ஒழுங்காக வந்து, திடீரென்று மறுகோடி. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தாவினால் உன் கையைப் பார், மெல்ல மெல்ல நகர்ந்தால் கல்லைப் பார் என்று. அக்காவின் முதுகு தாவவில்லையே. ஜூன் மாசம் ஜூன் மாசம் யூனிஃபார்முக்கு டெய்லர் அளவெடுப்பார், “போன வருஷத்துக்கு இந்த வருஷம் வலப்பக்கம் கொஞ்சம் கூட விடணும்மா” என்பார், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம், விரற்கடை, அரை விரற்கடை, அவள் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. கிணற்றடியில் ஒரு நாள் நழுவிய பிள்ளையின் முதுகு அப்படி வருஷா வருஷம் வளருமா? அம்மா, அது உன் கை இல்லை. உன் கை இல்லை அம்மா. உனக்கு அது தெரியாது. உன் கை என்றே நீ நினைத்துக்கொண்டிருந்தாய், அதனால்தான் அத்தனை சத்தமாகப் பிறவி பிறவி என்று தெரு முழுக்கச் சொன்னாய், அதனால்தான் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அவளைப் படம் எடுக்கக் கூட்டிப் போகவில்லை. படம் சொல்லிவிடும் என்று பயந்தாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், பெல்ட் போட்டால் வளைவு நிற்கும் என்று சிஸ்டர் வீடு தேடி வந்து சொன்னபோது அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாய், நான் பார்த்தேன், அடுப்பு எரியவே இல்லை. அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாய். பத்தொன்பது வருஷம் அந்த அடுப்படியிலேயே நின்றாய்.

நான் இந்த அறையில் நிற்கிறேன்.

கடைசிச் சூடு ஒன்று பாக்கி இருந்தது. கவ்வியை வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன், என் பலத்துக்கு அது திறக்கவில்லை, தட்டினேன், இரண்டு கையாலும் தட்டினேன். தமயந்தி திறந்தாள். “என்னடி, என்ன ஆச்சு, முகமே செத்துப் போயிருக்கு?” “மிச்சத்தை நீ சுட்டுரு. நான் போறேன்.” “அதத்தானே காலையில இருந்து கத்துறேன்” என்றவள் என் நனைந்த முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவை எடுத்து என் மேல் போட்டாள். மரப்பெட்டியிலிருந்து ஃபோனை எடுத்து அவருக்கு அடித்தேன். ஒரே மணியில் பாஸ்கல் எடுத்தார், பின்னால் எஸ்தர் கத்துகிற சத்தம். “எடுத்தாச்சா?” என்றேன். “எங்க பிள்ள எடுக்க? ரெண்டு தடவை உள்ள கொண்டு போயி ரெண்டு தடவையும் வெளிய அனுப்பிட்டாவ. புழுவா நெளியுதா. என் கையில அடங்க மாட்டேங்குதா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “எக்ஸ்ரே எடுக்குத பையன்ட்ட அம்மா வருவான்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார். “நான் எங்க வரேன்னு சொன்னேன்?” “சொல்லல. நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.” ஆட்டோ முழுக்க நான் ஒன்றும் நினைக்கவில்லை. நிஜமாக, ஒன்றுமே. ரோட்டோரம் ஒரு கடையில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதை மட்டும் பார்த்த ஞாபகம்.

முதலில் பால் கொடுத்தேன், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, திரைக்குப் பின்னால். எஸ்தர் விக்கி விக்கிக் குடித்தாள், குடிக்கும்போது ஒரு கையால் என் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாஸ்கல் மஞ்சள் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். உள்ளே போனபோது அந்தப் பையன் கனமான ஒரு மேலங்கியை எனக்கு மாட்டிவிட்டு, “மாசமா இருக்கீங்களா?” என்று கேட்டான், எல்லாரையும் கேட்கிற கேள்வி. இல்லை என்றேன். பலகை நான் நினைத்ததைவிடக் குளிர். அதில் அவளை மல்லாக்கக் கிடத்தியதும் இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கிற்று, அழ ஆரம்பிப்பதற்கு முன் வருகிற அந்த ஒரு நொடி. நான் சட்டென்று தோளிரண்டையும் பிடித்து நேராக்கினேன், இடுப்பை இழுத்து, காலைச் சேர்த்து, ஒரு கோடு மாதிரி. எனக்கே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக்கினேன்.

“இழுக்காதீங்கம்மா” என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. “நேராக்கிப் பிடிச்சா படம் தப்பா வந்துரும். அவ எப்படிப் படுக்கிறாளோ அப்படியே விட்டு, அசையாம மட்டும் பாத்துக்குங்க.”

கையைத் தளர்த்தினேன். என் விரலுக்குக் கீழே அவள் மெல்ல, தனக்குப் பழகிய பக்கம் சாய்ந்தாள், சாய்ந்தபடியே கிடந்தாள், அங்கே அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்க வேண்டும், அழவில்லை. தோளின் மேல் இரண்டு கையையும் வைத்தேன், அமுக்காமல். விளக்கு ஒன்று அவள் வயிற்றில் சதுரமாக விழுந்தது, அதைப் பிடிக்கப் பார்த்தாள்.

“எடுக்கவாம்மா?” என்றான்.

“எடுங்க” என்றேன்.